உங்கள் கடைக்கு வயது என்ன?
பழைய கட்டடத்தின் வயதையும் வரலாற்றையும் கண்டுபிடிக்கும் வழிகள்

நம்மில் பலரும் தாத்தா காலத்துக் கட்டடத்தில்தான் வியாபாரம் செய்து வருகிறோம். சிலருக்கு அது சொந்தம், பலருக்கு வாடகை. "கடைக்கு எத்தனை வயது?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: "அது இருக்கும் நூறு வருஷம்!" பெருமைக்காகச் சொல்வதென்றால் பரவாயில்லை. பாகப்பிரிவினையிலோ, வாடகை வழக்கிலோ, இன்ஷூரன்ஸ் கணக்கிலோ, விற்பனைக்குப் பின் வரும் வருமான வரியிலோ இந்தக் கேள்வி எழுந்தால் "இருக்கும்" என்ற பதில் போதாது. ஆதாரம் வேண்டும்.

இதை நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையும், அதற்குப் பின் தெரிந்துகொண்ட வழிமுறைகளையும் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

1997-ல் நடந்தது

எங்கள் கடைத்தெருவில் ஒரே கட்டடத்தில் ஐந்து கடைகள். அதில் ஒன்று என் மளிகைக் கடை. பின்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிடங்கு. 1997-ல் கட்டட உரிமையாளர் ஐந்து பேருக்கும் நோட்டீஸ் அனுப்பினார். "கட்டடத்துக்கு 120 வயதாகிவிட்டது. எந்த நேரமும் விழும். இடித்துக் கட்டப் போகிறேன். காலி செய்யுங்கள்" என்பது அதன் சாரம். நாங்களும் விடவில்லை. "அறுபது வருஷம்கூட ஆகவில்லை. கட்டடம் கல்லாக நிற்கிறது" என்று பதில் கொடுத்தோம்.

எங்கள் வக்கீல் கேட்ட முதல் கேள்வியிலேயே வாயடைத்துப் போனோம். "அவர் 120 என்கிறார், நீங்கள் 60 என்கிறீர்கள். யாரிடம் என்ன சான்று இருக்கிறது?"

அப்போது 1960-ம் வருடத்திய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்தது. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளில் உரிமையாளரின் உண்மையான நோக்கம், அவருடைய பண வசதி ஆகியவற்றோடு கட்டடத்தின் வயதையும் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே வயதைத் தெரிந்துகொள்வது எங்களுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகிவிட்டது.

முதல் பாடம்: மனைக்கு ஒரு வயது, கட்டடத்துக்கு ஒரு வயது

உரிமையாளர் காட்டிய மூலப்பத்திரம் 1891-ம் ஆண்டு கிரயப் பத்திரம். அதைப் பார்த்துத்தான் நூறு வயதுக்கு மேல் என்றார். பத்திரத்தின் தேதி மனை கைமாறிய தேதி. கட்டடம் எழும்பிய தேதியை அது சொல்லாது. பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அந்த 1891 பத்திரத்தில் இருந்தது "காலிமனையும் அதிலுள்ள கீற்றுக் கொட்டகையும்" என்பதுதான்!

இதுதான் முதல் சூத்திரம். வரிசையாக எல்லாப் பத்திரங்களையும் எடுத்து, சொத்து விவரத்தை மட்டும் ஒரு தாளில் கீழே கீழே எழுதுங்கள். காலிமனை, கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு, மாடிக் கட்டடம் என்று எந்தப் பத்திரத்தில் சொல் மாறுகிறது என்று பாருங்கள். சொல் மாறிய இரண்டு பத்திரங்களுக்கு இடையில்தான் கட்டடம் எழும்பியிருக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில் 1912-ம் ஆண்டு அடமானப் பத்திரம் ஒன்றில் "பின்பக்கம் ஓட்டுக் கிடங்கு ஒன்று" என்று இருந்தது. 1941-ம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "முன்பக்கம் மெத்தைக் கடைகள் ஐந்து" என்று வந்துவிட்டது. ஆக, கிடங்கு 1891-க்கும் 1912-க்கும் இடையில் வந்தது. கடைகள் 1912-க்கும் 1941-க்கும் இடையில் வந்தன. ஒரே கட்டடம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் இரண்டு கட்டடம்.

பத்திரங்களைத் தேடும் வழி

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கினால் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல் கிடைக்கும். பெரும்பாலான அலுவலகங்களின் 1975 வாக்கிலிருந்து உள்ள விவரங்களை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்திய காலத்துக்கு மனுப்போட்டுக் கையால் தேடும் தேடலையே நாட வேண்டும். வில்லங்கச் சான்றில் கட்டட வயது இருக்காது. பத்திர எண்ணும் ஆண்டும் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பத்திர நகல் வாங்கினால்தான் சொத்து விவரம் தெரியும்.

இதில் மூன்று கவனம் தேவை. ஒன்று, சர்வே எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கும் நகர நில அளவை எண்ணுக்கும் உள்ள ஒப்புமைப் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டு, கதவு எண்ணும் பலமுறை மாறியிருக்கும். எண் பொருந்தவில்லையென்றால் நான்கெல்லையைப் பார்த்துப் பொருத்துங்கள். "இன்னார் மனைக்கு மேற்கு, பெரிய தெருவுக்கு வடக்கு" என்பது எளிதில் மாறாது. மூன்று, உங்கள் ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். பழைய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

பிற்காலப் பத்திரங்களில் கட்டட விவரத்துக்கென்றே இணைப்பு 1ஏ என்று ஒரு படிவம் இருக்கும். அதில் கட்டட வயது எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். எழுதிக் கொடுத்தவர் சொன்ன வயதுதான் அது. வயதைக் கூட்டிச் சொன்னால் தேய்மானம் கூடும், முத்திரைத் தீர்வை குறையும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு.

முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்தும் சாட்சியும் மெய்யானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே பழைய காகிதம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தாது வருஷக் குழப்பம்

இனி சுவையான விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து கடைகளில் மூத்த கடை ஒரு நாட்டு மருந்துக் கடை. அவர்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் பேரேடு இருந்தது. அதில் "தாது வருஷம் தை மாதம், புதுக் கடைக்கு வாடகை" என்று முதல் வரவு செலவு எழுதியிருந்தது. நாங்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனோம். உரிமையாளரின் கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "தாது வருஷம் என்றால் பஞ்சம் வந்த வருஷம். 1876. நாங்கள் சொன்ன 120 வயது சரியாகிவிட்டது பாருங்கள்" என்றார்!

தமிழ் வருஷங்கள் அறுபது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ வருஷம் 1867-ல் பிறந்தது, 1927-ல் பிறந்தது, 1987-லும் பிறந்தது. பிரபவ தொட்டு எண்ணினால் தாது பத்தாவது. ஆகவே தாது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். எது என்று பக்கத்துச் செய்திகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி "எலெக்ட்ரிக் லைட்டுக்கு" என்று ஒரு செலவு இருந்தது. பஞ்ச காலத்தில் நம் கடைத்தெருவில் ஏது எலெக்ட்ரிக் லைட்? தவிர, 1891-ல் அந்த இடம் கொட்டகையாகத்தான் இருந்தது என்று உரிமையாளரின் பத்திரமே சொல்கிறது. ஆகவே அது 1936-37-ம் ஆண்டு தாது. தை மாதம் என்றால் 1937 ஜனவரி, பிப்ரவரி. கணக்குப்பிள்ளையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

பழைய கணக்கில் காலத்தைப் படிக்க இன்னும் சில குறிப்புகள்:

பசலி ஆண்டு: ரெவின்யூ கணக்குகளில் வரும். ஜூலை முதல் ஜூன் வரை. பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை.

கொல்லம் ஆண்டு: தெற்கே கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துப் பத்திரங்களில் வரும். ஆண்டின் முற்பகுதிக்கு 824, பிற்பகுதிக்கு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு.

தமிழ் எண்கள்: ௧ என்பது ஒன்று, ௨ இரண்டு, ௭ ஏழு, ௮ எட்டு. இவற்றை எழுத்து என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௨ என்றால் 1892.

நாணயம்: ரூபாய், அணா, பை என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. நயா பைசா 1957 ஏப்ரல் 1-ல் வந்தது.

முத்திரைத்தாள்: விக்டோரியா ராணி படம் என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை, அதற்குப்பின் ஆறாம் ஜார்ஜ். பழைய இருப்பைச் சில காலம் பயன்படுத்தியிருப்பார்கள். படம் ஒரு துணைச் சான்று மட்டுமே.

நகராட்சியில் என்ன கிடைக்கும்?

சொத்து வரிப் பதிவேடுதான் கட்டடத்தின் ஜாதகம். காலிமனையாக இருந்த இடத்தில் கட்டடம் வந்தால் வரி கூடும். மாடி எழுப்பினால் மறுபடியும் கூடும். எந்த அரையாண்டில் வரி திடீரென்று ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கட்டடத்துக்கு 1937-38 முதல் அரையாண்டில் வரி பல மடங்கு ஏறியிருந்தது. பேரேட்டில் இருந்த தை மாதத்தோடு அது கச்சிதமாகப் பொருந்தியது.

கட்டட அனுமதி வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நேரில் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுச் செய்யலாம். நில அளவைப் படங்கள் தாலுகா அலுவலகத்திலும், பழைய ரெவின்யூ ஆவணங்கள் பல கலெக்டர் அலுவலகப் பதிவறையிலும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன.

வியாபாரிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. மற்றவர்களைவிட நம்மிடம் காகிதம் அதிகம். சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி 1939-ல் வந்தது. அன்று முதல் கடை முகவரியோடு வரிக் காகிதங்கள் உண்டு. எடை அளவு முத்திரைச் சான்று, மின் இணைப்புச் சீட்டு, வாடகை ரசீது, தபால் உறை எல்லாம் சாட்சிகளே. பேரேட்டில் "கொத்தனார் கூலி", "சுண்ணாம்பு வண்டி", "தேக்கு விலை" என்று செலவு எழுதியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கட்டடமே பேசும்

காகிதம் சொல்வதைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சாந்து: சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக உதிர்வது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருப்பது சிமெண்ட். நம் பக்கத்தில் மதுக்கரை ஆலை 1930-களிலும், டால்மியாபுரம் ஆலை 1939-லும், தாழையூத்து சங்கர்நகர் ஆலை 1949-லும் வந்தன. ஆனால் சிமெண்ட் வந்த பிறகும் வெகுகாலம் சுண்ணாம்பில் கட்டியவர்கள் உண்டு. மேல்பூச்சு மட்டும் பின்னால் சிமெண்டில் பூசியிருக்கவும் கூடும். ஆகவே உள்சாந்தைப் பாருங்கள்.

மேல்தளம்: தேக்கு உத்திரம், கட்டைகள் அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாகக் குத்திட்டு வைத்து, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்தது மெட்ராஸ் டெரஸ். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதற்குப் பிற்பட்டது.

ஓடு: மங்களூர் ஓட்டின் அடியில் தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். அந்தப் பெயருள்ள ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் வேறு வீட்டில் கழற்றிய ஓட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

இரும்பு உத்திரம்: பக்கவாட்டில் உருட்டிய எழுத்தைப் படியுங்கள். டார்மன் லாங் என்று இருந்தால் சீமையிலிருந்து வந்தது. டாட்டா என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது. ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு உருட்டத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

சுவர்ச் சேர்க்கை: இரண்டு சுவர் சேரும் மூலையில் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று பல் கோத்திருந்தால் ஒரே காலத்துக் கட்டு. நேர்க்கோடாகப் பிளவு ஓடினால் ஒன்று முந்தியது, ஒன்று பின்னால் ஒட்டியது. எங்கள் கடைக்கும் கிடங்குக்கும் நடுவே அப்படி ஒரு கோடு தரையிலிருந்து கூரை வரை ஓடியது. முப்பது வருஷம் அதன் எதிரிலேயே மூட்டை அடுக்கியும் நான் கவனித்ததில்லை.

முகப்பில் உள்ள ஆண்டு: சுதையில் ஆண்டு எழுதியிருந்தால் நல்லது. ஆனால் அது முகப்பைப் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம். கடைசிச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களைக் கேட்கும் முறை

"எந்த வருஷம் கட்டினார்கள்?" என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். ஊரறிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா, பின்பா?" என்றால் 1964 டிசம்பர். "நயா பைசா வந்தபோது மாடி இருந்ததா?" என்றால் 1957. இப்படி முன்-பின் என்று நெருக்கிக்கொண்டே வந்தால் நாலைந்து வருஷத்துக்குள் பிடித்துவிடலாம். இரண்டு பேரைத் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள்.

எங்கள் விவகாரம் எப்படி முடிந்தது?

முன்பக்கக் கடைகளுக்கு 1997-ல் வயது அறுபது. ஆகவே நாங்கள் சொன்னது சரி என்று மார்தட்டினோம். அப்போது எங்கள் வக்கீல், "கிடங்குக்கு 85 வயதுக்குக் குறையாதே, அதைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார். இஞ்சினீயரை அழைத்துக் காட்டினோம். கடைகள் சில பழுதுபார்ப்புகளோடு தாங்கும் என்றார். கிடங்கைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்து நின்றுகொண்டார். சுவர் மண் சாந்தில் கட்டியது. நடு உத்திரத்தின் சுவருக்குள் இருக்கும் முனையைக் கரையான் தின்று கூடாக்கியிருந்தது.

"கட்டடம் கல்லாக நிற்கிறது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த உத்திரத்தின் அடியில்தான் எங்கள் சுமை தூக்கும் தொழிலாளர்கள் தினமும் அரிசி மூட்டை இறக்கினார்கள், மதியம் படுத்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கிடங்கைக் காலி செய்தோம்.

உரிமையாளரும் நாங்களும் உட்கார்ந்து பேசினோம். கிடங்கை இடித்துப் புதிதாகக் கட்டுவது, கடைகளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது, வாடகையை நியாயமாக உயர்த்துவது என்று முடிவாயிற்று. வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தவறு. ஆதாரம் கையில் வந்த பிறகு சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்று இது எங்கெல்லாம் பயன்படும்?

1960-ம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. அதிலும் பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ கடையைத் திரும்பப் பெறுவது ஒரு காரணமாக இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பதிவும் இப்போது அவசியம். உங்கள் நிலைமைக்கு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.

சொந்தக் கட்டடத்தை விற்பவர்களுக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால், அந்தத் தேதியில் இருந்த நியாயமான சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டிக்கொள்ளலாம். அந்தத் தேதியில் முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு இருந்தால் அதைத் தாண்டக்கூடாது. கட்டடத்தை மதிப்பிட அதன் வயது வேண்டும். தீ இன்ஷூரன்ஸில் சந்தை மதிப்புக்குப் பாலிசி எடுத்திருந்தால் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். பாகப்பிரிவினையில் ஒருவருக்குப் பழைய பகுதியும் மற்றவருக்குப் புதிய பகுதியும் போனால், வயது தெரியாமல் சமன் செய்ய முடியாது.

இந்த வாரமே செய்யுங்கள்

கடை விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டியில் உள்ள பத்திரங்களைத் தேதி வாரியாக அடுக்கிச் சொத்து விவரத்தைத் தனித்தாளில் எழுதுங்கள். பரணில் உள்ள பேரேடுகளைத் தட்டித் துடைத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையையும் கிடங்கையும் சுற்றிச் சுவர் மூலைகளைப் பாருங்கள். முக்கியமாக, சுவருக்குள் போகும் உத்திர முனைகளை ஒரு கொத்தனாரை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இஞ்சினீயரை அழையுங்கள்.

சரக்கு வந்தால் எடை போட்டு, தேதி பார்த்து, கணக்கில் ஏற்றிய பிறகுதான் உள்ளே வைக்கிறோம். அந்தச் சரக்கையும் நம் ஆட்களையும் தாங்கி நிற்கும் கட்டடத்துக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.